உச்சிவேளைப் புகையிலை

"அம்மணி சொன்னா பண்ணாடி கேப்பாருன்னு இவளுக சொல்றாளுக. எனக்கென்னமோ நம்பிக்கையில்லீங்க."

எங்கள் பருத்திக் காட்டில் களை வெட்ட வந்த பெண்களுக்கு முன்னால் நிற்பவர் என்னிடம் இப்படிச் சொன்னார். அம்மணி என்றது என்னை, பண்ணாடி என்றது என் அப்பாவை. அந்த அம்மாள் என் அம்மாவைவிட மூத்தவர். ஆனாலும் எங்கள் வீட்டில் பேச்சு வந்த குழந்தைகூட அவரைப் பெயர் சொல்லி, "வா, போ" என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு 'ங்க' போட்டுப் பேசுவார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைக்குமா என்று காத்திருந்த வருடம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் வந்தால் அப்பா என்னைக் கூப்பிட்டுப் பேப்பர் வாசிக்கச் சொல்வார். நானும் தேவைக்கு மேல் சத்தமாக வாசிப்பேன். அதனால் அந்த அம்மாளின் அவநம்பிக்கை எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

அன்னூர்ப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணறு உப்புத் தண்ணீர். மற்றதற்கு ஆகாத அந்தத் தண்ணீர் புகையிலைக்குக் காரம் ஏற்றும். நல்ல இலையைக் கோயமுத்தூர் வியாபாரி சிப்பம் கட்டி எடுத்துக்கொண்டு போவார். கிழிந்ததும் ஒடிந்ததும் எங்கள் வீட்டிலேயே கிடக்கும். உச்சிவேளையில் அம்மா அதை முறத்தில் போட்டுக் காட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். ஆளுக்கு ஒரு கிள்ளு. அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் பொழுது இறங்கும்வரை பசி தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் புகையிலைப் பழக்கம் கிடையாது. "நம்ம பண்ணையத்துல பொகலைக்கு மட்டும் கொறை வெச்சதில்லை" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். நான் படித்த படிப்பும் அந்த இலையில் வந்ததுதான்.

அந்த அம்மாளின் தங்கைக்கு வாய்க்குள், புகையிலை ஒதுக்கும் இடத்தில், ஆறாத புண். மிளகாய் பட்டால் துடித்துப்போவார். இருவரும் பஸ் ஏறிக் கோயமுத்தூர்ப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். புகையிலையை அடியோடு விட்டால்தான் வைத்தியம் பலிக்கும், விடாவிட்டால் புண் முற்றிவிடும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். தங்கையால் விட முடியவில்லை. இடமும் வலமும் மெல்லுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒருத்தி மட்டும் எப்படி விடுவாள்?

அதனால் களை வெட்டுகிற பெண்கள் எல்லோரும் அவர்கள் மாரியம்மன் கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். இனி உச்சிவேளையில் ஒருத்தியும் புகையிலை வாங்குவதில்லை. ஆனால் பசியை என்ன செய்வது? புகையிலைக்குப் பதிலாகக் கம்மங்கூழ் ஊற்றச் சொல்லிக் கேட்பது என்று முடிவாயிற்று. கேட்க என்னைப் பிடித்தார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். எதிர்த்து வந்தால் பேச வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன்.

அப்பாவுக்குக் கோபமே வரவில்லை. "கூழுதானே, குடுத்தாப் போச்சு. குதிருல கம்பு கெடக்குது" என்றார்.

அம்மாதான் மோர் ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "குடுக்கலாம். எதுல ஊத்திக் குடுக்கறதுங்க?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "பொகலையே இருக்கட்டும். வேண்டாங்கறவ வாங்காம போகட்டும்" என்றார்.

இத்தனை வருடமாக ஏன் புகையிலை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதை மேலேயிருந்து முந்தானையில் போடலாம். கை படாது. கூழுக்குப் பாத்திரம் வேண்டும்; எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் அவர்கள் வாய் படும். மனதில் அடுக்கி வைத்திருந்ததில் இதற்கு ஒரு சொல்லும் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவி எழுந்துவிட்டேன்.

மறுநாள் உச்சியில் அம்மா முறத்தை என்னிடமே கொடுத்தாள். பெண்கள் வேலமர நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் முந்தானையை விரிக்கவில்லை. வாயாடிக் கிழவி ஒருத்தி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கட்டால கொண்டு போங்க அம்மணி. வாசம் வருது. இந்தக் கை என்ற பேச்சைக் கேக்காது, அதான் கட்டி வெச்சிருக்கறேன்."

தங்கை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்திருந்தார். முறத்தை அவர் கண்ணுக்குப் படாமல் எனக்குப் பின்னால் வைத்தேன்.

"ஊட்டுல சொன்னீங்களா?" என்று மூத்தவர் கேட்டார்.

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை. "ஊத்தறதுக்குப் பாத்திரம் இல்லைன்னு சொன்னாங்க."

 கிழவி பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள். "பண்ணாடி ஊட்டுல பாத்திரமில்லீயாமா. பாவம். அடுத்த சந்தைக்குப் போனா நாம ரெண்டு சட்டி வாங்கிக் குடுத்துப்போடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கைகூடக் கன்னத்தைப் பிடித்தபடி சிரித்தார். மூத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "போங்க அம்மணி, வெயில்ல நிக்காதீங்க" என்றார். வீட்டிலிருந்து ஒரு சட்டியில் கொண்டுவந்திருந்த நீராகாரத்தைத் தங்கைக்கு முதலில் கொடுத்து, மிச்சத்தை ஆளுக்கொரு வாயாகச் சுற்றுக்கு விட்டார்கள். அதோடு எழுந்து களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்கள்.

முறத்தைச் சுமந்துகொண்டு வரப்பில் வந்தபோது எங்கள் வீட்டுப் பாத்திரங்கள்தான் கண் முன்னால் நின்றன. அட்டாலிப் பரணில் சீர் வந்த பித்தளை கறுத்துக் கிடக்கிறது. சமையலறைப் பலகையில் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்திருக்கின்றன. இல்லை என்று நான் சொன்னதை நம்புவதுபோல அவர்கள் காட்டிக்கொண்டார்கள். அது என் மானத்துக்காகச் செய்ததா, கேலிக்காகவா என்று இன்றும் எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவென்றாலும் கூச்சம் எனக்குத்தான்.

அடுத்த நாள் விடிந்ததும் கம்பை நானே இடித்துக் கூழ் காய்ச்சினேன். அம்மா பார்த்துவிட்டுப் பால் கறக்கப் போனாள். நாங்கள் தினமும் குடிக்கிற டம்ளர்களில் பாதியைக் கூடையில் அடுக்கி, கூழையும் எடுத்துக்கொண்டு உச்சிக்குக் காட்டுக்குப் போனேன். மூத்தவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உள்ளூட்டு டம்ளருங்க அம்மணி" என்றார்.

"ஆமாங்க" என்றேன். அவருக்கு நான் சொன்ன முதல் 'ங்க' அது.

அவர் தங்கைக்கு ஆறவைத்து ஊற்றினார்.

மாலையில் டம்ளர்களைக் கிணற்றடியில் கழுவி உள்ளே கொண்டுவந்தேன். அம்மா பின்னாலேயே வந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அப்பா வர்ற நேரம். அவங்க குடிச்சதைத் தனியா எடுத்து வெச்சிரு கண்ணு. எதெதுன்னு காட்டு."

"தெரியலீங்கம்மா. எல்லாத்தையும் நம்ம டம்ளரோட ஒண்ணாக் கலந்து வெச்சுப்போட்டேன்."