மூடி திறக்காத பாட்டில்

திருவொற்றியூர் பக்கம் ஒரு சின்ன மீன் மார்க்கெட்டில் இருபது வருடம் உட்கார்ந்து விற்றவள் நான். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் காலையில் கூடையை இறக்கினால், வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி எச்சிலோடு விழுங்கிவிடுவேன்.

போன வருடம் காலும் முகமும் வீங்கின. டாக்டர், "ரத்தத்துல இருக்கற கழிவை கிட்னி வடிகட்டி, தண்ணியோட சிறுநீரா வெளிய அனுப்பணும்மா. நீங்க தண்ணியே குடிக்கல. வலி மாத்திரை வேற. ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சு" என்றார். இனி சரியாகாது என்றும் சொல்லிவிட்டார்.

இப்போது வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் மெஷின்தான் என் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. சிறுநீர் பிரிவதே இல்லை. குடிப்பதெல்லாம் உடம்பில் தங்கிவிடும் என்பதால் நாளுக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான்.

என் இடத்தில் மருமகள் உட்காருகிறாள். தினமும் அவள் கூடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்து அனுப்புகிறேன். சாயங்காலம் அது மூடி திறக்காமலே திரும்பி வருகிறது.

"குட்ச்சிட்டு எங்க போறது அத்தே, நீயே சொல்லு" என்கிறாள்.

என் மூன்றாவது டம்ளரை அந்தப் பாட்டிலிலிருந்துதான் ஊற்றிக் குடிக்கிறேன்.