நாலு செடியைத் தாகத்தில் நிறுத்திய மாணிக்கம் அண்ணன்

நான் அப்போதே சொன்னேன்.

போன மாதம் ஓவேலிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்ததுமே வீட்டில் சொன்னேன், அண்ணன் இந்த மழைக்காலத்தைத் தாண்ட மாட்டார் என்று. இன்று காலை அவருடைய பெரிய மகள் போன் செய்தாள்... மாணிக்கம் அண்ணன் போய்விட்டார்.

என் கணிப்பு தப்பியதே இல்லை. தேயிலை விலை விழும் என்றேன், விழுந்தது. கட்டபெட்டுப் பக்கம் எங்கள் ஃபேக்டரியில் மெஷின் நிற்கும் என்றேன், நின்றது. மேனேஜரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு அடுத்து என்ன ஆகும் என்று கேட்டார்.

புது ஃப்ரெண்ட்ஸுக்காகச் சொல்கிறேன். அண்ணன் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடிக்கு அவர்தான் ராஜா. நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன்... கீழே என்றால், பக்கத்தில்.

பறித்து வந்த கொழுந்தில் இருக்கும் தண்ணீரைக் காற்று விட்டே இறக்க வேண்டும். அதற்கு அண்ணனிடம் மீட்டர் எல்லாம் கிடையாது. ஒரு பிடி அள்ளி அமுக்குவார். உருண்டை உடையாமல் நின்றால் வாட்டம் சரி. அவ்வளவுதான்.

விலை விழுந்த பிறகு வாரத்துக்கு ஒரு நாள் கொழுந்து வந்தால் பெரிசு. மாடி காலி. அண்ணன் வெறும் கையை மூடி மூடித் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் எனக்கு அந்த ஐடியா வந்தது. நீலகிரியிலேயே முதலில் எனக்குத்தான் வந்தது.

கஞ்சா.

நாலே செடி. பராமரிப்பை விட்டுவிட்ட ஒரு தேயிலைச் சரிவில், ரோட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி! ஒரு காட்டெருமை வந்து மோந்து பார்த்துவிட்டு மூன்று நாள் அங்கேயே படுத்துக் கிடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

பூ முற்றுகிற சமயம் அண்ணனைக் கூட்டிப் போய்க் காட்டினேன். பார்த்ததும் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார்.

"எனக்குன்னு இருக்கிறது இந்த லயத்துக் காம்பரா ஒன்னுதான் தம்பி. ஸ்டேஷன்ல பேரு ஏறுச்சின்னா மறுநாளே சாமானத் தூக்கி வெளிய வச்சிருவாங்க."

அது உண்மைதான். கேஸில் மாட்டினால் எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டில் இடம் கிடையாது என்று மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். எனக்கு அப்பா கட்டிய வீடு இருந்தது. அவருக்கு அந்த ஒரே அறை, பார்வதி அக்கா, இரண்டு பெண் பிள்ளைகள்.

ஆனால் திரும்பிப் போனவர் போகிற போக்கில் ஒரு பூவை விரலால் அமுக்கினார்... நின்றுவிட்டார். உள்ளே தண்ணீர் ஜாஸ்தி என்றார்.

அதோடு ஆளே மாறிவிட்டார். இனி அறுக்கிற வரைக்கும் சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது என்று உத்தரவு! மாடியில் காற்று செய்கிற வேலையை இங்கே தாகம் செய்யுமாம். தண்ணீர் இறங்க இறங்க வாசம் ஏறுமாம். வெற்றிலையைத் தாண்டி எதையும் வாயில் வைக்காத மனுஷன் சொன்னது இது. இன்றைக்கு அமெரிக்காக்காரன் இதையே வீடியோ போட்டு லைக் வாங்குகிறான்.

நாலாம் நாள் இலையெல்லாம் தொங்கிவிட்டது. மனசு கேட்காமல் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு போனேன்.

"ஊத்திப் பாரு. இந்த ஜென்மத்துல ஒங்கூட உக்காந்து தேத்தண்ணி குடிக்க மாட்டேன்."

அந்தத் தண்ணீரை நானே குடித்தேன்.

ஆனால் நாங்கள் ஊற்றாவிட்டால் என்ன... நீலகிரி ஆயிற்றே, வானம் ஊற்றியது. கூரை போட்டால் ரோட்டிலிருந்து தெரியும். அதனால் குடை. இரண்டு பேர், நாலு கை, நாலு குடை. செடி காய்ந்தது, நாங்கள் நனைந்தோம்.

அண்ணன் சிரித்துக்கொண்டே நின்றார். மெஷின் நின்ற நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கொட்டுகிற மழையில் இரண்டு பேர் குடையைத் தலைக்குப் பிடிக்காமல் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் எந்தப் போலீஸ் ஜீப்தான் நிற்காது? ஏட்டு மேலே ஏறி வந்தார்.

"ஏய்யா, நீ நனையற, செடிக்குக் குடையா? யாருதுய்யா இது?"

அடுத்த வாரம் எனக்கு நிச்சயதார்த்தம். இருந்தும் ஓர் எட்டு முன்னால் வைத்தேன். எல்லாம் என்னுடையது, அண்ணனுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டேன். அண்ணன் கண்ணில் தண்ணீர். ஏட்டே ஒரு நிமிஷம் ஆடிப்போனார்.

அந்த நாலு செடி வாசத்துக்கு டிரைவர் கோத்தகிரி வரைக்கும் சிரித்துக்கொண்டே ஜீப்பை ஓட்டினாராம்!

அந்த மாதமே அண்ணன் குடும்பம் லயத்தைக் காலி செய்துகொண்டு ஓவேலிக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்துக் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளும் என்று நானே சொல்லியிருந்தேன். அங்கே தினக்கூலிக்குக் களை வெட்டினார்... இரண்டு பெண்களையும் கரையேற்றினார்.

போன மாதம் பார்த்தபோது எழுந்து உட்கார முடியவில்லை. பார்வதி அக்கா உள்ளே போகட்டும் என்று காத்திருந்து மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பூவ யாராச்சும் பத்த வச்சாங்களா தம்பி? வாட்டம் சரியா இருந்திச்சா?"

மூன்று நாள் ஊரில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை அண்ணே என்றேன். இருமி இருமிச் சிரித்தார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன் அண்ணே. அதற்குள் எடுத்துவிட வேண்டாம் என்று பெரிய பாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு எழுதியதில் ஒன்றை மட்டும் மாற்றி எழுதிவிட்டேன். ஏட்டு கேட்டபோது நான் வாயே திறக்கவில்லை. முன்னால் போனது அண்ணன்.

"என்னோடதுங்க ஐயா. இந்தத் தம்பிக்கு ஒன்னும் தெரியாது."