வயிறு நனைத்து வந்த ஆட்காட்டி

மாம்புரியில் எங்கள் மிளகாய்த் தோட்டத்து வெறும் மணலில் ஆட்காட்டிக் குருவியொன்று முட்டையிட்டிருந்தது. முட்டை நனைந்தால் கெட்டுவிடும் என்று அந்தப் பாத்திக்கு மட்டும் நான் தண்ணீர் விடவில்லை.

நல்ல உச்சி வெயிலில் குருவி எழும்பிப்போய், தூரத்து வாய்க்காலில் அமர்ந்தது.

“முட்டை வேகுது, இவ குளிக்கிறா! இவளும் ஒரு உம்மாவா?” என்றேன்.

“குருவிக்கும் புத்தி சொல்லப் போறீங்களா ராத்தா?” என்று பக்கத்துத் தோட்டத்து மைமூன் சிரித்தாள்.

குருவி வயிறு சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டைகளின் மேல் அமர்ந்தது. மறுபடியும் போனது, மறுபடியும் நனைந்து வந்தது. முட்டைகளைக் குளிர்விக்கத்தான் தண்ணீர் சுமக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

பக்கத்திலேயே அகன்ற சட்டியொன்றில் தண்ணீர் வைத்தேன். குஞ்சு பொரிக்கும்வரை நானே நிரப்பினேன். ஐந்து பிள்ளைகளை வளர்த்த என்னை அது கடைசிவரை நம்பவில்லை. என்னைப் பார்த்துக் கத்திக் கத்தியே சட்டியில் இறங்கும். எனக்குக் கோபமே வரவில்லை.