குப்பைத்தொட்டி இல்லாத செயலி

எங்கள் ஊரில் கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் வீடு மாறவேண்டும். மாமியின் மூத்த மகளை முடித்து அவருடைய வீட்டுக்கு நான் வந்து பதினொரு வருடம். அந்தப் பதினொரு வருடமும் மாமியின் போனுக்கு நான்தான் வைத்தியர். சாய்ந்தமருதுப் பிரதான வீதியில் போட்டோக்கொப்பி எடுத்து, போனுக்குக் காசு ரீலோட் போட்டு, உடைந்த கண்ணாடி மாற்றிப் பிழைக்கிறவனுக்கு அது பெரிய வேலையில்லை. ஆனாலும் "மருமகன், இத ஒருக்காப் பாருங்க" என்று மாமி போனை நீட்டும்போது, அந்த வீட்டில் உட்கார எனக்கென்று ஒரு கதிரை இருக்கிறது என்று தோன்றும்.

பிறகு இளையவளுக்குக் கல்யாணம் நடந்தது. அதே வளவுக்குள் பின்பக்கம் அவளுக்கும் வீடு கட்டிக் கொடுத்து, வழக்கப்படி மாமி எங்கள் வீட்டை விட்டு அங்கே போய்விட்டார். மாமியோடு அவருடைய தலையணையும் போனும் போயின. அவளை முடித்த என் சகலன் பாடசாலையில் கணினி படிப்பிக்கிறவர். வயதில் எனக்கு இளையவர். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த நாட்களில் மனதுக்குள் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டு மாதமாக மாமி போனைக் கொண்டுவரவே இல்லை. நானாகவே போய்க் கேட்டேன்.

"அது இப்ப நல்லா இரிக்கி மகன்" என்றார் மாமி. "சின்ன மருமகன் பைலெல்லாம் பாக்குறதுக்கு ஒண்டு போட்டுத் தந்திரிக்கார். விளம்பரமே வாறல்ல."

மாமியின் போனில் கோப்புகளைப் பார்ப்பதற்கு நான் போட்டிருந்தது, கடைக்கு வருகிற எல்லாருக்கும் போட்டுக்கொடுக்கிற அதே செயலி. ஒரு படத்தைத் திறக்க மூன்று விளம்பரம் மூடவேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மாற்ற நினைக்கவில்லை. சகலன் போட்டது திறந்த மூலச் செயலி. அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்; விளம்பரம் கிடையாது, இணைய அனுமதிகூடக் கேட்பதில்லை. அதோடு விட்டதா? மெனு முழுக்கத் தமிழ்.

"அதில அரைவாசித் தமிழ் இவர் எழுதி அனுப்பினதாம்" என்று மாமி திரையை என் முகத்துக்கு நேரே பிடித்தார். 'நகர்த்து', 'பிரதி செய்', 'நிச்சயமாக அழிக்கவா?' எல்லாம் சுத்தமாக இருந்தன. எங்கேயாவது ஓர் எழுத்துப் பிழை இருக்காதா என்று தேடினேன். இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பார்த்துவிட்டாள்.

"என்ன, முகம் சுட்ட கத்தரிக்காய் மாதிரி இரிக்கி?"

"ஒண்டுமில்ல."

"தங்கச்சிர ஊட்டுக்குப் போய்ட்டு வந்தா உங்களுக்கு எப்பவும் ஒண்டுமில்லதான்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அடுத்த நாளிலிருந்து கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அதே வேலை. திறந்த மூலம் அவருக்கு மட்டும் எழுதிக் கொடுத்ததா? அதைவிட நல்லதொன்றை எடுத்து மாமியின் போனில் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். நான்கு செயலிகளை என் போனில் இறக்கினேன். ஒன்று பார்க்க அழகு. ஆனால் பல வருடமாக யாரும் கவனிக்காதது, மெமரி கார்டைத் தொட்டதும் நின்றுவிடும். ஒன்று திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டும். மாமி எந்தப் பக்கம் எது என்று தவித்துப்போவார். இன்னொன்று தொடர்பு இலக்கங்களைப் பார்க்க அனுமதி கேட்டது. கோப்பு பார்க்கிறவனுக்கு அது எதற்கு?

சகலனின் செயலியையும் இறக்கிக் குற்றம் தேடினேன். மூன்றாம் நாள் கிடைத்தது. அதில் அழித்தால் எதுவும் போவதில்லை. குப்பைத்தொட்டிக்குள் போய்க் கிடக்கும். மாமி அழித்த குப்பையெல்லாம் இன்னும் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனைக்கும் அடி சறுக்கும்! நான்காவது செயலியில் அந்தத் தொட்டியே கிடையாது. சின்னது, வேகமானது, அழித்தால் அழித்ததுதான். மெனு ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை பின்னேரம் சகலன் மேலதிக வகுப்புக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பின்வீட்டுக்குப் போனேன்.

"போன ஒருக்காப் பாக்கட்டா மாமி?"

"ஓம், பாருங்க மகன்" என்று கொடுத்துவிட்டு மாமி பர்தாவை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். மாமா மௌத்தாகி அடக்கிய பிறகு பெண்கள் மதரசாவுக்குப் போய்க் குர்ஆனைத் திருத்தமாக ஓதப் படித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அதற்கு வாய்க்கவில்லை என்று அடிக்கடி சொல்வார்.

முதலில் சகலனின் குப்பைத்தொட்டியைக் காலியாக்கினேன். அவர் செயலியின் முகப்பிலேயே, '1' என்று பேர் வைத்த கோப்புறை ஒன்று கண்ணில் படும்படி குத்தி வைக்கப்பட்டிருந்தது. அது அவர் செய்த கோப்புறை என்று பார்த்த உடனேயே விளங்கிற்று. உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகள். ஒன்றைத் திறந்தேன். மின்விசிறிச் சத்தம், ஓர் இருமல், பிறகு மௌனம். பத்து செக்கனுக்கு மேல் கேட்கப் பொறுமையில்லை. பள்ளிக்கூடச் சாமானைக் கொண்டுவந்து மாமியின் போனில் போட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பொய் சொல்லக்கூடாது. அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். அந்தப் பதிவுகள் பிடித்திருந்த இடமும் சொற்பம்தான். அவர் கைபட்ட ஒன்று அந்தப் போனில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அவருடைய செயலியைக் கழற்றி என்னுடையதைப் போட்டு, அதாலேயே அந்தக் கோப்புறையை அழித்தேன். அழிக்கவா என்று ஆங்கிலத்தில் ஒரு தரம் கேட்டது. அமத்தினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லாரும் பின்வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். மாமி பாரை மீன் தலைக் கறி ஆக்கியிருந்தார். சட்டி வருவதற்கு முன்னமே போனோடு வந்து நின்றார், முகமெல்லாம் சிரிப்பு.

"குர்ஆன்ல ஒரு ஜுஸ்உ முடிச்சிட்டன் புள்ளையள். ஓதித்தாற ஆலிமா சொன்னா, முதல் கிழமை ஓதினதையும் இப்ப ஓதுறதையும் ஊட்டாக்களுக்குப் போட்டுக் காட்டுங்க எண்டு. சின்ன மருமகன் எல்லாத்தையும் ஓரிடத்தில சேத்துத் தந்தவர்."

அந்த '1' குர்ஆனின் முப்பது ஜுஸ்உக்களில் முதலாவது என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. மாமி திரையைத் தடவித் தடவிப் பார்த்தார். "எங்க போன? இங்கிலீசா இரிக்கி…" என்று போனைச் சகலனிடம் கொடுத்தார்.

அவர் வாங்கிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. தன் செயலி இல்லை, புதுச் செயலி இருக்கிறது, அதில் குப்பைத்தொட்டி இல்லை. இதையெல்லாம் கணினி படிப்பிக்கிறவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, காத்திருந்தார். நான் என் சோற்றுப் பீங்கானைப் பார்த்தேன்.

"மாமி," என்றார் சகலன், "நான்தான். இடம் துப்புரவாக்கக்குள்ள தவறி அழிச்சுட்டன். மன்னிச்சிருங்க."

என் மனைவியின் தங்கை "என்ன வேல பாத்திங்க!" என்று அவரை ஏசினாள். மாமி போனை முந்தானையால் துடைத்தார். அதில் துடைக்க எதுவும் இருக்கவில்லை. கண்கள் கலங்கியிருந்தன.

"உடுங்க மகன்" என்றார் பிறகு. "ஓதினது அல்லாஹ்கிட்ட இரிக்கி. நீங்க மனசில வெக்காதிங்க."

சட்டி வந்தது. பதினொரு வருடமாக மாமி ஆக்கினால் மீன் தலை என் பீங்கானுக்குத்தான் வரும். அன்று மாமி அதைக் கிண்டி எடுத்து, தலை குனிந்திருந்த சகலனின் சோற்றில் வைத்தார். கூசிப்போகாமல் சாப்பிடட்டும் என்று. அதைப் பார்த்து என் வயிறு எரிந்தது. வெட்கமில்லாமல் எரிந்தது. செய்தவன் நான். மன்னிப்பு அவருக்கு. நான் திருடிய பொருளுக்குக்கூட அவர்தான் உரிமைக்காரராகிவிட்டார்.

அஸர் தொழுகைக்குப் போகும்போது ஒழுங்கைக்குள் அவரைப் பிடித்தேன்.

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"நீங்க சொல்லுவிங்க எண்டு பாத்தன் காக்கா" என்றார், அண்ணனிடம் சொல்வதுபோல், செருப்பைப் பார்த்துக்கொண்டு. "நீங்க சொல்லல்ல. மாமி கேட்டுட்டு நிக்கிறா. யாராவது சொல்லத்தானே வேணும்."

பள்ளிவாசல் வரைக்கும் அவர் பின்னாலேயே நடந்தேன்.

அடுத்த நாள் காலையில் மாமி வளவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் போனை என் பக்கம் நீட்டினார்.

"இனி நீங்களே பாருங்க மருமகன். அவர் நல்ல புள்ளதான். ஆனா அவர்ர கை பட்டா அழிஞ்சிரும். உங்கட கையில எண்டா எனக்குப் பயமில்ல."

அந்த வார்த்தைக்காகத்தானே இவ்வளவும் செய்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். "சரி மாமி" என்றுதான் வந்தது.

மாமி போகவில்லை. புதிதாக ஒன்று பதிவு செய்து தரச் சொல்லி என் முன்னாலேயே உட்கார்ந்தார். பொத்தானை அமத்தினேன். மேலே விசிறி சுற்றியது. மாமி ஒரு தரம் இருமினார். கண்களை மூடிக்கொண்டு மூச்சைச் சேர்த்தார். திரையில் செக்கன்கள் ஓடின. எட்டு, ஒன்பது, பத்து. பன்னிரண்டாவது செக்கனில் "பிஸ்மில்லாஹ்" என்று தொடங்கினார்.

முழுதையும் கேட்டேன். அவர் போனை என்னிடம் விட்டுவிட்டுப் போன பிறகு என் செயலியைக் கழற்றிவிட்டுச் சகலனுடையதைத் திரும்பப் போட்டேன். மாமி இப்போது ஒவ்வொரு கிழமையும் போனை என்னிடம் தருகிறார், நானும் வாங்குகிறேன். குப்பைப் படங்களை அழிக்கும்போதெல்லாம் சகலன் எழுதிய தமிழ்தான் என்னைக் கேட்கிறது, நிச்சயமாக அழிக்கவா என்று. மாமியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சகலனும் சொல்லவில்லை. அதிலும் அவர்தான் மேல்.