வேப்பங்கிளையின் கீழ் ஒரு நாற்காலி

சுங்கை பினாங் வீட்டின் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அப்பாவின் ரம்பம் தொங்கும். வளைந்த அலகு, பிடியில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். மலையடிவார பங்களாக்களில் மரக்கிளைகளைக் கழித்து, நிழலில் மேசை நாற்காலி போட இடம் அமைத்துக் கொடுப்பது அவர் வேலை. அங்கெல்லாம் அவர் உட்கார்ந்ததில்லை. "வேலைக்குப் போன இடத்துல யாரு உட்காருவா?" என்பார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பட்டம் வாங்கியதும் என் விரிவுரையாளரையும் தோழிகளையும் விருந்துக்கு அழைத்தேன். வீட்டுக்குள் இடம் போதாது. பின்புறத்து மாமரத்துக்கும் வேம்புக்கும் அடியில் இடம் அமைக்கிறேன் என்றார் அப்பா. அங்கேயாவது அவர் என் விருந்தாளிகளோடு உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மாமரத்தை ஒரே காலையில் முடித்தார். வேம்பில் ஏணியைச் சாய்த்தபோது பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றார். அவர் மகனுக்கு அம்மை போட்டிருந்தது. அவன் படுக்கையைச் சுற்றி எங்கள் மரத்து இலைதான்.

"அண்ணே, பிள்ளைக்கு இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல லா. அதுவரைக்கும் ரம்பம் வேணாம்ணே."

அப்பா ஏணியை எடுத்துவிட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை, இலை பறித்த மரத்தில் இரும்பு படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாற்காலிகளுக்குப் போகும் வழியில் ஒரு கிளை தாழ்ந்தபடியே நின்றது.

"வர்றவங்க தலை குனிஞ்சா தேஞ்சா போயிடும்?" என்றார் அம்மா.

விருந்தன்று அப்பா அந்தக் கிளையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். விரிவுரையாளர் நிமிர்ந்து நடந்து வந்தார். "அப்பா, வந்து உட்காருங்க" என்று கூப்பிட்டபோதெல்லாம், "நான் விட்டா உங்க டீச்சர் தட்டுல இலை விழும். நீ சாப்பிடும்மா" என்றார். எல்லாரும் கிளம்பும்வரை நின்றார். கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கலாம். அது அவருக்குத் தெரியாததல்ல.

இப்போது பத்து காவானில் எனக்குச் சொந்த வீடு. அப்பா தந்த ரம்பம் இங்கேயும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில்தான் தொங்கும். வீட்டின் பின்னால், முந்தைய வீட்டுக்காரர் வைத்த வேம்பு. போன ஞாயிற்றுக்கிழமை அந்த ரம்பத்தாலேயே தாழ்ந்த கிளைகளைக் கழித்து, ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட்டேன். அப்பா வந்தார். மரத்தைச் சுற்றி நடந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"அந்தக் கிளை இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கு. ரம்பம் எங்கம்மா?"

"வாசல்ல நிக்கிற காடி டிக்கியில வச்சுப் பூட்டிட்டேன்பா. சாவி தரமாட்டேன். உட்காருங்க."

அவர் நம்பவில்லை. உள்ளே போய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் பார்த்தார். ஆணி மட்டும் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.