முகத்தில் நிழல் விழக்கூடாது

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவரை யாரும் ஆசையாகப் பார்ப்பதில்லை. முப்பது வருடமாக அவர் எதிரே வந்து உட்கார்ந்த அத்தனை பேரும், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளப் போகிறவர்கள் மாதிரியே அவரைப் பார்த்திருக்கிறார்கள். சிரிக்கக்கூடாது, தலை சாயக்கூடாது, காது தெரியவேண்டும், முகத்தில் நிழல் விழக்கூடாது. இந்த நாலு கட்டளையைத் தவிர அவர் ஒரு நாளில் பேசுவது ஐந்தாறு வார்த்தை தேறினால் அதிகம். கடைசியில், "முடிஞ்சது, எந்திரிக்கலாம்" என்பார். எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். பெண் கொடுக்க வந்த இரண்டு குடும்பங்கள்கூட அப்படித்தான் எழுந்து போயின.

தெருவில் அவருக்குப் பெயர் பாஸ்போர்ட். அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. கீழே ஸ்டுடியோ, மேலே ஒற்றை அறை, அதற்கும் மேலே மொட்டைமாடி. அவருடைய பயணமெல்லாம் அந்த முப்பத்தாறு படிகளோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்வாள்.

"சாப்டியாடா?"

"ஆச்சு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"அப்ப வச்சிடவா?"

வருடக்கணக்காக இதே வசனம். ஒரு ஞாயிறு மட்டும் தம்பி வசனத்தை மாற்றினார். "மாடிப் பக்கம் ஒரு வல்லூறு குடி வந்திருக்கு."

"வாடகைக்கா?" என்றாள் அக்கா.

மாடியை ஒட்டிய மரத்தில், கைப்பிடிச் சுவரிலிருந்து பதினைந்தடி தள்ளிக் கூடு. பறவை புறா அளவுதான். கோபம் மட்டும் கழுகு அளவு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் பஞ்சு உருண்டை மாதிரி இரண்டு குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. தாய் அவரை நேருக்கு நேர் பார்த்தது. அதில் பணிவும் இல்லை, படம் சரியாக வருமா என்ற கவலையும் இல்லை. அப்படி ஒரு பார்வை அவருக்குப் புதிது. கிளிக்கினார்.

பறவைப் படம் எடுப்பவர்களின் போன் குழு ஒன்றில் அவர் இரண்டு வருடமாக வாய் திறக்காமல் இருந்தார். அந்தப் படத்தைப் போட்டதும் ஒரே மணி நேரத்தில் 'தலைவரே', 'குருவே' என்று இருநூறு பேர் காலில் விழுந்தார்கள். கூடு இருக்கும் இடத்தை யாரும் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது என்பது குழுவின் முதல் விதி. விதியை எழுதிய பல் டாக்டரே தனியாகச் செய்தி அனுப்பினார்: 'எனக்கு மட்டும் சொல்லுங்க, தலைவரே.'

'வீட்டுக்கு வாங்க' என்று தட்டினார் பாஸ்போர்ட். அழித்தார். மறுபடி தட்டினார். அந்த இரண்டு வார்த்தையை அவர் கடைசியாக எப்போது யாரிடம் சொன்னார் என்று யோசித்ததில் பத்து நிமிடம் போயிற்று.

ஞாயிறன்று பல் டாக்டர் வந்தார். அந்த 'எனக்கு மட்டும்' என்பதில் ஒரு பேங்க் மேனேஜரும், லென்ஸின் நீளத்துக்காகப் பீரங்கி என்று அழைக்கப்பட்டவரும் அடக்கம். பாஸ்போர்ட் ஸ்டுடியோ ஸ்டூல்களை எல்லாம் மாடிக்கு ஏற்றியிருந்தார். பிளாஸ்க்கில் டீ. நாலு டம்ளர், அதில் மூன்று புதிது.

"சொர்க்கம் சார் இது!" என்றார் மேனேஜர். "வாரா வாரம் வந்துடலாம் போல."

பாஸ்போர்ட் காதில் 'வாரா வாரம்' மட்டும் விழுந்தது.

பீரங்கி லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தார். "என்ன தலைவரே, கிளை குறுக்க வருது. குஞ்சு மூஞ்சியெல்லாம் ஒரே நிழல்."

கிளையை வெட்டும்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் முகத்தில் நிழல் என்ற சொல் கேட்டால் அவர் கை தானாக எழும்; முப்பது வருடத்துப் பழக்கம். வாடிக்கையாளர் நெற்றியில் விழும் முடியை ஒதுக்குகிற அதே சுறுசுறுப்போடு கீழே போய் ரம்பத்தோடு வந்தார். தாய் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்ற, மாடிப் பக்கம் நீண்டிருந்த கிளையை அறுத்துத் தள்ளினார்.

"இப்ப பாருங்க" என்றார். குரலில் பெருமை.

உச்சி வெயில் ஏறியது. தாய் திரும்பி வந்து, கூட்டின் விளிம்பில் இரண்டு இறக்கையையும் விரித்து நின்றது.

"அடடா, என்னா போஸ்!" பல் டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூன்று கேமராவும் தையல் மெஷின் மாதிரி ஓடின.

பாஸ்போர்ட்டும் தன் கேமரா வழியாகப் பார்த்தார். தாய் அலகைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கீழே, அதன் நிழலுக்குள், குஞ்சுகள் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. வெயில் ஒரு விரற்கடை நகர்ந்தது. தாயும் ஒரு விரற்கடை நகர்ந்தது. அரை மணி நேரம் பார்த்தார். இறக்கை மடங்கவில்லை.

"முடிஞ்சது" என்றார். "எந்திரிக்கலாம்."

"இப்பத்தான் சார் சூடு பிடிக்குது!"

"ஆமா, அந்தத் தாய்க்குத்தான் சுடுது. குஞ்சுக்கு வெயில் படாம குடையா நிக்குது. இத்தனை பேர் நின்னா அது மிரளும், நிழலுக்கு நான் ஒண்ணும் கட்ட முடியாது. இறங்குங்க."

"கிளைய வெட்டினது நீங்கதானே?" என்றார் பல் டாக்டர்.

"நான்தான். அதான் நானே சொல்றேன்."

"சரியான ஆளுய்யா!" பீரங்கி பீரங்கியை மடக்கினார். படியிறங்கும் சத்தம் மூன்று தளமும் கேட்டது. பிளாஸ்க்கில் டீ அப்படியே இருந்தது.

ஸ்டுடியோவில் விளக்குக்கு முன்னால் விரிக்கிற பெரிய வெள்ளைக் குடை ஒன்று உண்டு. அதைத் தூக்கிவந்து, வெட்டிய கிளை இருந்த பக்கமாகச் சுவரில் நீளக் கம்பி வைத்துக் கூட்டை நோக்கி நீட்டிக் கட்டினார். கூட்டில் நிழல் விழுந்ததும் இறங்கி வந்துவிட்டார். குடை, வெயிலை மறைத்ததோடு கூட்டையும் அவர் கண்ணிலிருந்து முழுசாக மறைத்தது. அன்று சாயங்காலமே போன் குழுவிலிருந்து அவரை நீக்கியிருந்தார்கள். காரணம்: கூட்டுக்கு இடைஞ்சல் செய்தது. அதில் பொய்யில்லை என்பதால் அவரால் சண்டைகூடப் போட முடியவில்லை.

குடை இல்லாமல் எடுத்த படங்களில் காதோரம் நிழல் விழுந்தது. நாலு பேர் படம் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. "என்னங்க பாஸ்போர்ட், கண்ணு போச்சா?" என்றார் மளிகைக்காரர். பழைய போர்வையை விளக்குக்கு முன்னால் கட்டிச் சமாளித்தார். மத்தியானத்தில் தொட்டிக்குப் பின்னால் போய், கேமரா இல்லாமல், குடையின் முதுகைப் பார்த்து உட்காருவார். கீச்சென்ற சத்தம் கேட்டால் கீழே வந்து சாப்பிடுவார்.

பதினாறாம் நாள் சத்தம் நின்றது. அடுத்த நாளும் இல்லை. ஞாயிறன்று குடையை அவிழ்த்தார். கூடு காலி. எதிர்வீட்டு ஆண்டெனாக் கம்பியில் வால் முழுசாக வளராத குட்டி வல்லூறு ஒன்று, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளாடி நின்றது. ஒன்றுதான். கூரை கூரையாக, கிளை கிளையாக மற்றொன்றைத் தேடினார்.

போன் அடித்தது. அக்கா.

"சாப்டியாடா?"

"இன்னும் இல்ல."

"வேற?"

"ரெண்டு இருந்துச்சுக்கா. ஒண்ணத்தான் காணோம்."

"எதுடா?" "வல்லூறுக் குஞ்சு" என்றார் அவர். அக்கா அன்றைக்கு, வச்சிடவா என்று கேட்கவில்லை. "நல்லா பாரு" என்றாள். "நான் லைன்லயே இருக்கேன்."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கி, மரத்தின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்.