என் மனைவி சுட்ட கரி

கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவியால் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. அடிபம்பில் வருவது டீ நிறத்தில் இருக்கும், அழுகின வாடை அடிக்கும். நாங்கள் மூக்கைப் பிடிக்காமலே குடித்துப் பழகியவர்கள். அவள் பொன்னேரியில் வேதியியல் படித்தவள். "நானே கரி செஞ்சி வடிகட்டறேன்," என்றாள்.

"அடுப்புல கீற கரி போதாதா?" என்றேன்.

"அதுல ஓட்டை கம்மிங்க. மரத்த அமிலத்துல ஊறவெச்சி சுட்டாத்தான் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நெறைய உண்டாவும். நெறமும் வாடையும் அதுல போய் ஒட்டிக்கும்."

சென்னைக்குப் போய்ப் பாஸ்பாரிக் அமிலம் வாங்கி வந்தோம். டச்சுக் கல்லறை எதிரில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து வீடு வரைக்கும் அந்தக் கேனை அவள் என்னிடம் தரவே இல்லை. கையுறை மாட்டிக்கொண்டு சவுக்குச் சிராய்களை அமிலத்தில் ஊறவைத்தாள். உலர்ந்ததும் மண்பானையில் அடைத்து, மூடியைச் சுற்றிக் களிமண் பூசி, விறகை மூட்டினாள்.

ஆறிய பிறகு திறந்தால் பெரும்பாலும் சாம்பல். பூச்சு வெடித்துக் காற்று புகுந்திருந்தது.

"இன்னாம்மா, இம்மாம் பாடுபட்டு சாம்பலா?" என்றார் என் அம்மா.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ அந்த வெடிப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, களிமண்ணில் மணலும் உமியும் சேர்த்துப் பிசைய ஆரம்பித்தாள்.

இரண்டாவது பானையில் சிராய்கள் உருக்குலையாமல் கருகருவென்று கிடந்தன. கூரைத் தகரத்திலிருந்து பிடித்துவைத்த மழைத்தண்ணீரில் கழுவினாள். கழுவிய நீரில் நீல லிட்மஸ் தாளை நனைப்பாள். சிவந்தால் மறுபடியும் கழுவுவாள். நான் "போதும் வுடு" என்றால், "அமிலம் மிச்சமிருந்தா யார் குடிக்கிறது?" என்பாள்.

கடைசியில், அடியில் ஓட்டை போட்டு மணலும் கரியும் அடுக்கிய குடத்தில் பம்புத் தண்ணீரை ஊற்றினோம். கீழே தெளிவாகச் சொட்டியது. அம்மா முகர்ந்து பார்த்தார்.

"வாடையே இல்லியேம்மா!" என்று குடிக்கப் போனவரை அவள் தடுத்தாள்.

"காய்ச்சிட்டுக் குடிங்க அத்தே. கரி கிருமியக் கொல்லாது. உப்பும் போவாது."

அக்கம்பக்கத்திலிருந்து குடத்தோடு வந்தவர்களிடமும் இதையேதான் முதலில் சொன்னாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுத்த பானைக்குச் சவுக்கு சீவக் கத்தியை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்துவிட்டேன்.